மலைநாட்டு விடுதியும் வழிநடை நட்பும்



பதுளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில், எல்ல என்னும் சிறு பட்டணம் இருக்கின்றது. அங்கே தெருவோரத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர், பெரிய முதுகுப் பைகளைச் சுமந்துகொண்டு, சேறு படிந்த சப்பாத்துகளுடன் நடந்து வரும் பல நாட்டு இளைஞரையும் யுவதிகளையும் காண்பர். அவர்களிற் பலர் தம் நாட்டிலிருந்து தனியே புறப்பட்டு வந்தவர்கள். ஆயினும் மறுநாட் காலையில் அவர்களே நால்வராகவும் ஐவராகவும் சேர்ந்து, நெடுநாட் பழகியவர்போலச் சிரித்துப் பேசிக்கொண்டு மலைப்பாதையில் ஏறிச் செல்வர். ஓரிரவுக்குள் இந்த நட்பு எங்ஙனம் உண்டாயிற்று? தற்செயலாக விளைந்ததா? அன்றி, அது விளைவதற்கென்றே யாரேனும் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தனரா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

'ஹொஸ்டல்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவது, பாடசாலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதியே. நான் இங்கே கூற வந்தது வழிப்போக்கர் விடுதியை. ஹோட்டலில் நாம் வாடகைக்குப் பெறுவது ஓர் அறை. இவ்விடுதியிற் பெறுவதோ ஒரு கட்டில். ஓர் அறையில் நான்கோ, ஆறோ, எட்டோ கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கப்பட்டிருக்கும். பொருள்களை வைத்துப் பூட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி உண்டு. பெண்களுக்கெனத் தனி அறைகளும் பல விடுதிகளில் உண்டு. குளியலறை பொது, சமையலறை பொது, மாலையில் எல்லோரும் கூடியிருக்கும் கூடமும் பொது. முழு அறைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே கட்டிலுக்கு வேண்டியிருப்பதால், கைப்பொருள் குறைந்தவரும் அங்கே தங்க இயலும். அடுத்த கட்டிலில் யார் படுப்பார் என்பதை நாம் தெரிந்தெடுக்க முடியாது என்பதே இவ்விடுதியின் தனி இயல்பு. சிலருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் நட்பின் தொடக்கமும் இதிலேதான் இருக்கின்றது.

இத்தகைய விடுதியை முதன்முதல் எண்ணிப் பார்த்தவர் செல்வரல்லர், வணிகரல்லர், ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர். ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் கழித்த எனக்கு இதனை எடுத்துரைப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. அவர் பெயர் றிச்சாட் ஷிர்மன். அன்றைய ஜேர்மனியின் கிழக்குப் பிரசியாவில் 1874 ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் முதலில் ஆலைகளும் சுரங்கங்களும் நிறைந்த ஒரு கைத்தொழிற் பட்டணத்திற் கற்பித்தார். 1903 ஆம் ஆண்டில், சோவர்லாந்து என்னும் மலைப்பிரதேசத்தில் உள்ள அல்தேனா என்னும் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தார். அல்தேனா லென்னே ஆற்றின் கரையிலே, செங்குத்தான குன்றுகளுக்கிடையே ஒடுங்கிக் கிடக்கும் பட்டணம். கம்பி இழுக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. தொழிலாளர் பிள்ளைகளே அவரிடம் படித்தனர். புகை படிந்த தெருக்களில் வளரும் அப்பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் நடத்திச் சென்று, மரத்தையும் பாறையையும் ஆற்றையும் காட்டிப் பாடஞ் சொல்லுவது அவர் வழக்கம்.

அக்காலத்து ஜேர்மனியில் கால்நடையாக ஊர் சுற்றும் இளைஞர் இயக்கம் ஒன்று ஏற்கெனவே பரவியிருந்தது. எனினும் அதில் மிகுதியாகச் சேர்ந்தவர்கள் உயர்தரப் பாடசாலை மாணவர்களே. தொழிலாளியின் பிள்ளை நாலு நாள் நடக்க விரும்பினால், இரவில் எங்கே படுப்பது? சத்திரத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. வழியில் உறவினரும் இல்லை. இரவுக்கு ஓரிடம் இல்லாத காரணத்தால், பகலில் நடக்கும் வாய்ப்பும் அப்பிள்ளைக்கு இல்லாமற் போயிற்று.

1909 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 26 ஆம் திகதி, ஷிர்மன் தம் மாணாக்கருடன் அல்தேனாவிலிருந்து ஆகன் நகரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பிறோல் என்னும் பள்ளத்தாக்கில் இடியும் மழையுமாகப் பெரும் புயல் அவர்களைத் தாக்கியது. விடுமுறைக் காலமாகையால் அவ்வூர்ப் பாடசாலை வெறுமையாகக் கிடந்தது. அதன் வகுப்பறையொன்றில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. மேசைகளை ஒருபுறம் ஒதுக்கி, வைக்கோலைப் பரப்பிப் பிள்ளைகள் உறங்கினர். ஆசிரியருக்கு உறக்கம் வரவில்லை. வெளியே மின்னல் வெட்டிக்கொண்டிருக்க, அவர் மனத்தில் ஓர் எண்ணம் உதித்தது. ஊர்தோறும் பாடசாலை இருக்கின்றது; விடுமுறையில் அது பூட்டியே கிடக்கின்றது. ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்றாக அவற்றைத் திறந்துவைத்தால் நாடு முழுவதும் ஏழைப் பிள்ளைகள் நடந்து திரியலாமல்லவா?

இவ்வெண்ணத்தை அவர் 1910 இல் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். ஆதரவும் வந்தது; பணமும் வந்தது. வில்ஹெல்ம் மூங்கர் என்னும் அன்பர் நிருவாகப் பொறுப்பில் அவருக்குத் துணையானார். அல்தேனாவிலே குன்றின்மேல் ஒரு பழங்கோட்டை உண்டு. அது அப்போது புதுப்பிக்கப்பட்டு வந்தது. அக்கோட்டையிலேயே 1912 ஆம் ஆண்டில் முதலாவது நிலையான இளைஞர் விடுதி அமைந்தது. பிரபுக்களும் படைவீரரும் வாழ்ந்த கோட்டையில் கம்பித் தொழிலாளியின் பிள்ளைகள் மூன்றடுக்கு மரக் கட்டில்களிற் படுத்துறங்கினர். அந்தக் கட்டில்களை அங்கே இன்றும் நூதனசாலைப் பொருளாகப் பாதுகாத்து வருகின்றனர்.

இதுவரை கூறியது உறங்க இடம் தேடிய கதை. நட்பு என்னும் நோக்கம் அதனுடன் சேர்ந்தது போர்க்களத்திலே. முதலாம் உலகப் போரில் ஷிர்மன் போர்வீரராகச் சென்று, 1915 ஆம் ஆண்டின் இறுதியில் வோஸ்கெஸ் மலைப்பகுதியில், பிரெஞ்சுப் படைக்கு எதிரே பதுங்கு குழியில் இருந்தார். நத்தார் மணி ஒலித்தபோது, மேலிடத்தின் கட்டளை எதுவுமின்றியே இரு திறத்து வீரரும் சுடுவதை நிறுத்தினர். ஒருவர் இடத்துக்கு ஒருவர் சென்றனர். தம்மிடமிருந்த ரொட்டியையும் இறைச்சியையும் கொடுத்து மதுவும் சிகரெட்டும் பெற்றுக்கொண்டனர். நத்தார் கழிந்த பின்னரும் அவ்விணக்கம் சில நாள் நீடித்ததாக அவரே எழுதியிருக்கின்றார். ஒருவரையொருவர் கொல்ல அனுப்பப்பட்டவர்கள் உணவைப் பகிர்ந்தவுடன் நண்பராயினர் என்றால், போருக்கு முன்னரே இளம் வயதினர் இவ்வாறு சந்திக்க ஓரிடம் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று அவர் சிந்தித்தார். போர் முடிந்து, 1919 ஆம் ஆண்டில் ஜேர்மன் இளைஞர் விடுதிச் சங்கம் உருவானது. 1932 இல் அம்ஸ்ரடாம் நகரில் பதினொரு நாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடிச் சர்வதேச அமைப்பொன்றுக்கு அடிகோலின. ஷிர்மனே அதன் முதற் றலைவரானார்.

சரி, அந்நியரை நண்பராக்க இவ்விடுதிகள் கையாண்ட வழி என்ன? பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டிலே தொடங்கிய சங்கத்தின் பழைய விதிகளைப் பார்த்தால் அது விளங்கும். இரவொன்றுக்கு ஒரு சிலிங் கட்டணம். நடந்தோ சைக்கிளிலோ வருபவருக்கே இடம். மோட்டார் வண்டியில் வருபவருக்கு இடமில்லை. மதுபானம் கூடாது. தங்கினவர் ஒவ்வொருவரும் மறுநாட் காலையில் ஒரு வேலை செய்துவிட்டே புறப்பட வேண்டும். ஒருவர் கூடத்தைப் பெருக்குவார். ஒருவர் உருளைக்கிழங்கு சீவுவார். ஒருவர் கோப்பை கழுவுவார். இவ்விதிகளில் 'நட்புக் கொள்க' என்று ஒரு வரியும் இல்லை. ஆயினும் நட்புக்குத் தடையானவை யாவும் வாசலிலேயே நீக்கப்பட்டன. வாகனம் இல்லாததால் செல்வம் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே கட்டில் என்பதால் உயர்வு தாழ்வு தெரியவில்லை. கையிலே ஒரே துடைப்பம் இருந்ததால் வெட்கம் நீங்கிற்று. முகத்தைப் பார்த்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்தால் பேச்சு வராத இருவர், பக்கத்திற் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவும்போது இயல்பாகப் பேசத் தொடங்குவர். இதனை நாம் வகுப்பறைகளிலும் கண்டிருக்கின்றோம். சிரமதான நாளிலே பழக்கமாகும் பிள்ளைகளின் தொகை, ஒரு தவணை முழுவதும் அருகருகே அமர்ந்து பழக்கமாகும் பிள்ளைகளின் தொகையைவிட அதிகம்.

இன்று எல்லவிலும் உலகின் மற்றை மலைப்பட்டணங்களிலும் தனியார் நடத்தும் பல விடுதிகளில் அக்காலத்துக் கட்டுப்பாடுகள் இல்லை. துடைப்பத்தைக் கையில் எடுக்குமாறு யாரும் சொல்வதில்லை. ஆயினும் அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, பொதுக் கூடம் ஆகிய மூன்றும் அல்தேனாவின் வழிவந்தவையே. ஒருவரிடம் உப்பு இருக்கும், மற்றவரிடம் வெங்காயம் இருக்கும். அடுப்பு ஒன்றே இருக்கும். பேச்சுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

மலைப்பட்டணத்தில் இவ்வியல்பு இன்னும் வலுப்பெறுகின்றது. அதற்குக் காரணம் மலையின் அமைப்பே. பெருநகர விடுதியில் தங்குபவர்கள் காலையில் ஆளுக்கொரு திக்காகச் சென்று, நள்ளிரவில் வெவ்வேறு நேரங்களில் வந்து படுப்பர். மலைப்பட்டணத்திலோ பாதைகள் சில. எல்லவுக்கு வந்தவர் எல்லப் பாறைக்கு ஏறுவார். அல்லது சின்னச் சிவனொளிபாதம் என்று அழைக்கப்படும் குன்றுக்கு ஏறுவார். அல்லது 1921 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணப் போவார். காலையிற் போனவர் வந்து, போக இருப்பவருக்கு வழி சொல்லுவார். எந்த இடத்தில் பாதை பிரிகின்றது, எங்கே அட்டை கடிக்கும், எந்நேரத்தில் மூடுபனி இறங்கும் என்பவை விலைக்குக் கிடைக்காத செய்திகள். இருட்டியதும் குளிரும் மழையும் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்துவிடும். மேலும், முன்பின் தெரியாத மலையிலே தனியே ஏறுவது ஆபத்து என்பதை யாவரும் அறிவர். எனவே துணை தேடுவது அங்கே நாகரிகத்துக்காக அன்று, தேவைக்காக. தேவையின் காரணமாகப் பேசிய முதற் சொல், மாலைக்குள் நட்பாகக் கனிகின்றது.

இங்கே நேயர்களில் ஒருவர், 'ஓரிரவில் உண்டாகும் உறவை நட்பென்று அழைக்கலாமா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்தார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்பன அவை. ஐந்தில் ஒன்று முழுவதையும், நட்புக் கொள்ளுமுன் ஆராயவேண்டும் என்பதற்கே அவர் ஒதுக்கியிருக்கின்றார். விடுதியிலோ ஆராய்வதற்குப் பொழுதில்லை. ஆகையால் விடுதியிற் கிடைப்பதை முற்றிய நட்பென்று கொள்ளாது, நட்பின் வாயில் என்று கொள்வதே பொருத்தம். அவ்வாயிலிலேயே நின்றுவிடும் உறவுகள் பல. கடிதமும் செய்தியுமாகத் தொடர்ந்து பழைமையாய் வளர்பவை சில. வாயிலே இல்லாத வீட்டுக்குள் யாரும் நுழைய முடியாது என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது.

ஆராயாத நட்பாகையால் சில எச்சரிக்கைகளும் வேண்டும். கடவுச்சீட்டையும் பணத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டுவது யார்மீதும் ஐயங்கொள்வதன்று. எல்லோரையும் ஐயத்திலிருந்து காப்பதாகும். மலைக்குப் புறப்படுமுன் எந்தப் பாதையிற் செல்கின்றோம், எப்போது திரும்புவோம் என்று விடுதியில் ஒருவரிடம் சொல்லிச் செல்லவேண்டும். விடியுமுன் புறப்படுபவர் தம் பையை முதல்நாள் இரவே கட்டிவைத்தால் அயலவர் உறக்கம் கலையாது. ஊரையும் வழியையும் பற்றிக் கேட்கலாம். உத்தியோகம், சம்பளம், குடும்ப நிலை ஆகியவற்றை எடுத்த எடுப்பிற் கேட்பது தகாது. நம்மவர் இக்கடைசி விதியைச் சற்று முயன்றே பழகவேண்டும்.

வழிப்போக்கருக்கு இடங்கொடுக்கும் அறம் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மடமும் சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்தவர்கள் நம் முன்னோர். பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடி மடத்தை அறியாதவர் சிலரே. சிங்களக் கிராமங்களில் அம்பலம் என்னும் மண்டபங்கள் அதே பணியைச் செய்தன. சிவனொளிபாத மலைக்கு இரவில் ஏறும் பௌத்தரும் இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும், வழியில் ஒருவர் கைத்தடியை ஒருவருக்குக் கொடுப்பதை இன்றும் காணலாம். ஆயினும் அம்மடங்களிலும் சத்திரங்களிலும் இன்னார் திண்ணையில், இன்னார் உள்ளே, இன்னார் வாசலுக்கு அப்பால் என்ற வரம்புகள் பல இடங்களில் இருந்தன என்பதையும் மறைப்பதற்கில்லை. கூரை எல்லோருக்கும் பொதுவாக இருந்தும் அடுப்பு பொதுவாக இருக்கவில்லை.

கூரை மட்டும் போதாது என்பதற்கு ஜேர்மனியின் பிற்காலக் கதையே பெருஞ் சான்று. 1933 ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், நாடெங்குமிருந்த இளைஞர் விடுதிகள் அவரது கட்சியின் இளைஞர் அமைப்பின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. யூத இளைஞருக்குக் கதவு அடைக்கப்பட்டது. 1936 ஆம் ஆண்டில் ஷிர்மன் சர்வதேசத் தலைவர் பதவியிலிருந்து விலகும்படி அரசால் நிர்ப்பந்திக்கப்பட்டார். கட்டடம் அதுவே, கட்டிலும் அதுவே, சுற்றியிருந்த மலையும் காடும் அவையே. யார் உள்ளே வரலாம் என்ற ஒரு விதி மாறியவுடன், பிற நாட்டாரை நண்பராக்க எழுந்த வீடு, பிறரைப் பகைக்கக் கற்பிக்கும் வீடாயிற்று. போருக்குப் பின்னர் அவ்விடுதிகள் மீண்டும் எல்லா நாட்டவருக்கும் திறக்கப்பட்டதைக் கண்ட பின்னரே, 1961 ஆம் ஆண்டில், தமது 87 ஆவது வயதில், அவ்வாசிரியர் மறைந்தார்.

இக்கதை நமக்குச் சொல்லுவது யாது? நம் நாட்டு மலைப்பட்டணங்களிலுள்ள விடுதிகளில் பிரான்சு தேசத்தவரும் ஜேர்மானியரும் ஒரே அடுப்பிற் சமைத்து உண்கின்றனர். அவர்களுடைய முன்னோர் பதுங்கு குழிகளில் எதிரெதிரே இருந்தவர்கள். ஆனால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும், மட்டக்களப்புப் பிள்ளையும் அட்டன் தோட்டத்துப் பிள்ளையும் அவ்வாறு ஓரிரவு ஒரே கூடத்திற் கூடியிருக்கும் வாய்ப்பு எத்தனை முறை வருகின்றது? 1983 முதல் 2009 வரை போர் நடந்த நாடு இது. அக்காலத்தில் ஒரு தலைமுறை முழுவதும் மற்றவர் ஊரைக் காணாமலே வளர்ந்தது. இன்று பாதைகள் திறந்திருக்கின்றன. கல்விச் சுற்றுலாக்களும் நடைபெறுகின்றன. நம் மாணவர் அவற்றிலே பெரும்பாலும் எங்கே உறங்குகின்றனர்? வழியிலுள்ள பாடசாலைகளின் வகுப்பறைகளிலேதான். மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்துப் படுக்கின்றனர். ஷிர்மனின் மாணாக்கர் படுத்தது போலவே! ஆயினும் நாம் நமது பஸ் வண்டியிலே, நமது சமையற்காரருடன், நமது சோற்றையும் கறியையும் சுமந்து சென்று, நமது பிள்ளைகளுடனேயே பேசித் திரும்பிவிடுகின்றோம். மலையைக் கண்டோம், மலையிலே வாழ்பவரைக் கண்டோமில்லை.

இதனை மாற்றப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் ஒரு பாடசாலையில், வெவ்வேறு மாவட்டத்து இரு பாடசாலைப் பிள்ளைகள் ஒரே நாளில் தங்குமாறு இரு அதிபர்கள் முன்கூட்டியே எழுதி ஒழுங்கு செய்யலாம். ஓரிரவுச் சமையலை இரு பகுதியாரும் கலந்து செய்யட்டும். மறுநாள் கலந்த குழுக்களாக மலையேறட்டும். மொழி தெரியாதே என்று அஞ்ச வேண்டியதில்லை. தேங்காய் துருவுவதற்கும் அடுப்பு மூட்டுவதற்கும் வேண்டிய சொற்கள் சிலவே; அவற்றைப் பிள்ளைகள் அரைமணி நேரத்திற் கற்றுவிடுவர்.

தண்ணீர் போதுமா, மலசலகூட வசதி உண்டா, பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, ஏதேனும் நேர்ந்தால் பெற்றோருக்கு என்ன மறுமொழி கூறுவது என்ற கேள்விகள் எழும். அதிபர் நாற்காலியில் இருப்பவன் என்ற முறையில் அக்கேள்விகளின் கனத்தை நான் அறிவேன். அவற்றை ஒதுக்கிவிடலாகாது. பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கட்டடமும், உடன் தங்கும் ஆசிரியைகளும், பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதமும் இன்றியமையாதவை. ஆனால் அக்கேள்விகளுக்கு விடை காணலாம். பிறோல் பள்ளத்தாக்கிலே புயலுக்கு ஒதுங்கிய ஆசிரியரிடம் அன்றிரவு இருந்தவை ஒரு வெற்று வகுப்பறையும் சிறிது வைக்கோலுமே. நம்மிடம் வகுப்பறைகள் ஏராளம் உண்டு, மலைகளும் உண்டு. அடுத்த விடுமுறைக்கு முன் ஓர் அதிபர் மற்றோர் அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுவாராக.